20 அடி தெருவுக்கு எது: தாரா, காங்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. 2019-ல் ஆவடியும் 2021-ல் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாயின. இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. மனை போட்டதும் வீடு வந்துவிட்டது. ரோடு பின்னால் வந்தது, மழைநீர் வடிகால் அதற்கும் பின்னால். பாதாள சாக்கடைக்காகப் பல தெருக்களை இன்னமும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். முறைப்படி கடைசியில் வர வேண்டிய ரோடு முன்னால் வந்துவிட்டதால், ஒரே தெருவை மூன்று முறை வெட்டிப் போட வேண்டியிருக்கிறது.

ஏரியா சபையிலோ நலச்சங்கக் கூட்டத்திலோ முதலில் எழும் கேள்வி தாரா, சிமென்ட்டா, பேவர் பிளாக்கா என்பதுதான். அதற்கான பதிலில் பாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டை வடிகாலிலிருந்து தொடங்குகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தெரு: அகலம் 20 அடி, அதாவது 6 மீட்டர். நீளம் 200 மீட்டர். ஒரு பக்கம் உள்ளகலம் 60 செ.மீ. கொண்ட வடிகால். அதன் சுவர்களையும் சேர்த்து 90 செ.மீ. போனால் ரோட்டுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் மிஞ்சும். மொத்தம் 1,000 சதுர மீட்டர் ரோடு. கீழே வரும் அளவுகளெல்லாம் இந்தத் தெருவுக்கானவை.

முதலில் மட்டம்

நான்கு புள்ளிகளின் மட்டம் தெரியாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது: ரோட்டின் நடு, தெருவிலேயே தாழ்ந்த வீட்டு வாசற்படி, தெருமுனையில் நம் வடிகால் சேரப்போகும் பெரிய வடிகாலின் அடித்தளம், மழைக்காலத்தில் அந்தப் பெரிய வடிகாலில் நிற்கும் நீரின் மட்டம். பொறியாளர் லெவல் கருவியோடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு பத்துப் பத்து மீட்டராக நகர்ந்தால், 200 மீட்டருக்கு இரண்டு மூன்று செ.மீ. பிழைக்குள் மட்டம் கிடைத்துவிடும்.

ஏற்கெனவே வடிகால் இருக்கும் தெருவாக இருந்தால், மழை நின்று அரைமணி நேரத்தில் ஒரு மூடியைத் திறந்து பார்த்தாலே நோய் தெரியும். ரோட்டில் முழங்கால் தண்ணீர், உள்ளே எட்டிப் பார்த்தால் வடிகாலில் ஒரு சாண் தண்ணீர்தான் என்றால், தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை என்று பொருள். மேல்தளம் ரோட்டைவிட உயரமாக இருக்கும், அல்லது ரோட்டோரத்திலிருந்து உள்ளே போகும் 4 அங்குல பிவிசி குழாய் குட்கா உறையாலும் வேப்பிலையாலும் அடைத்திருக்கும். வடிகால் மூடிவரை நிரம்பிக் கிடந்தால் கோளாறு தெருவில் இல்லை, போய்ச்சேரும் இடத்தில் இருக்கிறது. முதல் வகையை ஒரு நாள் வேலையில் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் அது நீளமான தொட்டியாகத்தான் நிற்கும்.

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குச் சராசரி 20 மி.மீ. சில மணிகளில் அதைவிடப் பலமடங்கு பெய்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதற்குத் தெரு வடிகாலின் அகலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏரியும் ஆறும் கால்வாயும் நிரம்பியிருந்தன, போக இடமில்லை. வேளச்சேரிப் பக்கத்து நீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். அந்தப் பாதையில் கடல் ஏற்றத்துக்கும் பங்கு உண்டு.

வடிகால்: எவ்வளவு பெரியது, எந்த வகை

கணக்கு எளிது. நம் தெருவையும் இருபக்க மனைகளையும் சேர்த்தால் ஒரு ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துத் தெருவின் நீரும் வந்து சேர்ந்தால் 2 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மி.மீ. மழை, அதில் 80 சதவீதம் ஓடிவரும் என்றால், 0.8 × 60 × 2 ÷ 360 = 0.267 கன மீட்டர் (360 என்பது அலகுகளை மாற்றும் எண்). அதாவது நொடிக்கு 267 லிட்டர்.

60 × 60 செ.மீ. காங்கிரீட் பெட்டி வடிகாலில், மேலே 10 செ.மீ. காலி விட்டு, 500-க்கு 1 சரிவில் (500 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) நொடிக்கு 290 லிட்டர் ஓடும். சரிவு 1,000-க்கு 1 ஆனால் 205 லிட்டர்தான். 200 மீட்டர் தெருவில் இந்த இரண்டு சரிவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மொத்தம் 20 செ.மீ. இறக்கம். அடித்தளக் காங்கிரீட் போடும் நாளில் ஒருவர் கவனம் பிசகினாலே அது கைவிட்டுப் போய்விடும். நல்ல சரிவுள்ள அதே வடிகாலில் 15 செ.மீ. வண்டல் படிந்தால் ஓட்டம் 185 லிட்டராகக் குறைகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. ‘வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறது’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டு எண்களில் ஒன்று காரணமாக இருக்கும்.

வகைகளுக்கு வருவோம். இடத்திலேயே கம்பி கட்டி வார்க்கும் பெட்டி வடிகால், தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவரும் துண்டுகள், ஹியூம் பைப் எனும் வட்டக் காங்கிரீட் குழாய் ஆகிய மூன்றும்தான் நடைமுறையில் உள்ளவை.

ஹியூம் பைப் பார்ப்பதற்கு மலிவாகவும் வேகமாகவும் தெரியும். 60 செ.மீ. பைப்பை அதே 500-க்கு 1 சரிவில் போட்டால் நிரம்பி ஓடும்போதும் 240 லிட்டர் அளவில்தான் நிற்கும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஆழம். வண்டி ஏறினால் உடையாமலிருக்கப் பைப்புக்கு மேல் ஏறக்குறைய 60 செ.மீ. மண் வேண்டும். ஆகவே உள்ளடித்தளம் ரோட்டிலிருந்து 1.3 மீட்டர் கீழே போகிறது. பெட்டி வடிகாலின் மூடியே நடைபாதையாக இருப்பதால் அதன் அடித்தளம் 75 செ.மீ. ஆழத்தில் முடிந்துவிடும். சமதளமான சென்னையில் இந்த அரை மீட்டரை விட்டுக்கொடுத்தால், போய்ச்சேரும் கால்வாயின் நீர்மட்டத்துக்குக் கீழே போய் நிற்போம். பைப்பில் அடைத்த வண்டலைக் கையால் எடுக்கவும் வழியில்லை, ஜெட் வண்டி வர வேண்டும். குறுக்கே ரோட்டைக் கடக்கும் இடங்களுக்கு மட்டும் பைப் சரி.

இடத்தில் வார்ப்பதற்கும் துண்டுகளுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. வார்ப்பதில் வேலை நீளும்: தோண்டல், அடிக் காங்கிரீட், கம்பி, அடித்தளம், சென்ட்ரிங், சுவர், மறுபடி சென்ட்ரிங், மேல்தளம், நீர் ஊற்றிக் காங்கிரீட்டை இறுகவிடுதல். ஒரு 30 மீட்டர் துண்டு முடியவே மூன்று வாரம் ஆகும், அதுவரை வீட்டு வாசலில் பலகைதான் பாலம். நிலத்தடி நீர் உயர்ந்த இடங்களில் குழிக்குள் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே காங்கிரீட் போடுவார்கள். இறைப்பதை நிறுத்திய கையோடு போட்டால் சிமென்ட் பால் கழுவிப்போய் அடியில் வெறும் ஜல்லி தெரியும். இதன் நல்ல பக்கம், எங்கே வேண்டுமோ அங்கே வளைக்கலாம், மின்கம்பத்தைச் சுற்றலாம், எதிர்ப்படும் குடிநீர்க் குழாய்க்கு இடம் விடலாம்.

துண்டு வடிகால் ஒரே நாளில் 20, 30 மீட்டர் இறங்கிவிடும். 60 செ.மீ. அளவில் ஒன்றரை மீட்டர் துண்டு ஏறக்குறைய ஒரு டன். ஹைட்ரா கிரேன் கட்டாயம். 20 அடி தெருவில் தலைக்கு மேல் மின்கம்பி தொங்கினால் கிரேனின் கை எழும்பாது, மின்சார வாரியத்திடம் சொல்லி நிறுத்தி வைக்க வேண்டும். இவற்றின் பலவீனம் இணைப்பில். அடியில் ஒரே சீரான படுகை இல்லையென்றால் ஒரு துண்டு இரண்டு செ.மீ. அமிழும், இணைப்பு வாய் திறக்கும், நிலத்தடி நீரோடு மணலும் உள்ளே வரும். வடிகாலில் மணல் சேரச் சேர, பக்கத்து ரோட்டுக்கு அடியில் குகை விழும். ஒரு வருடம் கழித்து ரோடு திடீரென்று உள்வாங்கினால் ரோடு போட்டவரைத் திட்டுவார்கள். எங்கள் கணிப்பில், தெரு நேராகவும் அடியில் வேறு குழாய் குறுக்கிடாமலும் இருந்தால் துண்டு, மற்ற இடங்களில் வார்ப்பு.

எந்த வகையானாலும் உள்ளகலம் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 45 செ.மீ. கட்டினால் மண்வெட்டி திரும்பாது. பத்து மீட்டருக்கு ஒரு கழற்றும் மூடி, வண்டல் தேங்க அடித்தளத்தைவிட 30 செ.மீ. தாழ்ந்த தொட்டி, ரோட்டுத் தண்ணீர் இறங்கக் குழாய்க்குப் பதிலாகப் பக்கவாட்டில் திறந்த வாய்: இவை வரைபடத்தில் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும். பாதாள சாக்கடை வராத தெருவில் வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவது எல்லோரும் அறிந்த ரகசியம். நாற்றத்தோடு முடியும் விஷயமில்லை இது. மூடிய வடிகாலில் கழிவு அழுகினால் விஷவாயு தேங்கும், தூர்வார இறங்குபவரின் உயிர் போகும். கழிவுநீர்த் தடங்களைச் சுத்தம் செய்யப் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ன் சட்டம் தடை செய்திருக்கிறது.

கடலோர மணல் பகுதி தனிக்கதை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணலில் மழைநீர் தானாகவே உறிஞ்சப்படுகிறது. அங்கே அடியும் சுவரும் காங்கிரீட்டால் மூடிய வடிகால் கட்டினால், நிலத்தடி நன்னீராகப் போக வேண்டியதைக் கடலுக்கு விரட்டுகிறோம். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனில் நடக்கும் கோவளம் வடிநிலத் திட்டத்தில் இந்தப் பகுதிக்கான பணிகளைக் குடியிருப்போர் எதிர்த்ததும், வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனதும் இதனால்தான். மூன்றடிக் குழி தோண்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பியது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கினால் உறிஞ்சுகுழிகளும் அடி திறந்த வடிகாலும் போதும். மறுநாளும் நின்றால் அது களிமண். உறிஞ்சுகுழி என்ற பெயரில் அங்கே கொசுத்தொட்டிதான் கிடைக்கும். சோதனையை மே மாதத்தில் செய்துவிட்டு மகிழ்ந்துபோகக் கூடாது, ஐப்பசியில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்.

மேற்பரப்பு மூன்றும்

தாரின் பலம், அதைச் சீக்கிரம் போடலாம், சீக்கிரம் திறக்கலாம். 1,000 சதுர மீட்டருக்கு 30 மி.மீ. கனத்தில் 30 கன மீட்டர், ஏறக்குறைய 70 டன் கலவை. அதிகாலையில் தொடங்கினால் மாலையில் வண்டி ஓடும். எதிரி தண்ணீர். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே நீர் புகுந்தால் ஒட்டு விட்டுப்போய்க் கல் உதிரும். இரண்டு நாள் தேங்கிய தண்ணீரில் லாரி ஓடினால் மூன்றாம் நாள் பள்ளம்.

போடும் அன்று மூன்றைக் கவனிக்கலாம். பழைய பரப்பைக் கூட்டிப் பெருக்கிய பின் தெளிக்கும் எமல்ஷன் (நீரில் கலந்த தார்) சதுர மீட்டருக்கு கால் கிலோ அளவில் இருக்க வேண்டும், நம் தெருவுக்கு 250 கிலோ. தெளித்ததும் பழுப்பாக இருக்கும். அது கறுத்த பிறகே கலவை கொட்ட வேண்டும், பழுப்பிலேயே கொட்டினால் மேல்தோல் தனியாக உரியும். இரண்டாவது, விஜி-30 என்ற தரத்துத் தார் என்றால் விரிக்கும்போது கலவையின் சூடு 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, உருளை வேலை 90 டிகிரிக்குள் விழுவதற்கு முன் முடிய வேண்டும். தூரத்துப் பிளான்ட்டிலிருந்து தார்ப்பாய் மூடாமல் வந்த லோடு, போக்குவரத்தில் ஒரு மணி நேரம் நின்ற லோடு, இவற்றை ஒரு தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, தூறலில் போடவே கூடாது. இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் நடக்கிறது.

தாரின் மேல் தார் போடும் வழக்கம்தான் தெருக்களை உயர்த்தியது. ஒவ்வொரு முறையும் 5 செ.மீ. என்றால் ஆறு முறையில் ஒரு அடி. வாசற்படி மூன்று இருந்த வீட்டில் இப்போது ஒன்று. 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உத்தரவு இருப்பது போதாது. பழைய பரப்பைச் சுரண்டும் மில்லிங் தொடங்குவதற்கு முன்பே மின்கம்பத்திலும் இரண்டு மூன்று காம்பவுண்டுச் சுவரிலும் பழைய ரோட்டு மட்டத்துக்குப் பெயின்ட் கோடு போட்டு, படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்த பின் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

சிமென்ட் ரோடு தேங்கும் தண்ணீரைத் தாங்கும். 18 செ.மீ. கனத்துக்கு நம் தெருவில் 180 கன மீட்டர் எம்30 என்ற வலிமைத் தரத்துக் காங்கிரீட், 6 கன மீட்டர் லாரியில் 30 லோடு. முதல் செலவில் மூன்றிலும் இதுவே அதிகம். ஒழுங்காகப் போட்டால் 20 ஆண்டு. இந்த ‘ஒழுங்கு’ என்பதில் பலதும் அடங்கும். 5 மீட்டர் அகலத்தை ஒரே தட்டாக வார்த்தால் நடுவில் நீளவாக்கில் விரிசல் ஓடும். இரண்டரை மீட்டராக இரண்டு பட்டை வார்த்தால் அதுவும் வராது, பாதித் தெருவும் திறந்திருக்கும். குறுக்கே மூன்றரை முதல் நான்கு மீட்டருக்கு ஓர் இணைப்பு வெட்டு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. வெட்டும் நேரம் முக்கியம்: காங்கிரீட் இறுகிய சில மணி நேரத்தில், சென்னை வெயிலில் அன்றிரவே. மறுநாள் மத்தியானம் மெஷின் வந்தால் விரிசல் தன் இஷ்டப்படி ஏற்கெனவே ஓடியிருக்கும். 14 நாள் ஈரச்சாக்கு காயாமல் இருக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் லாரி யார் செலவு என்பதை முன்பே பேசிவிட வேண்டும்.

இதில் நடக்கும் பெரிய அநியாயம், பழைய தாரைத் தோண்டாமல் அதன் மேலேயே சிமென்ட் போடுவது. ஒரே இரவில் தெரு அரை அடிக்கு மேல் உயரும். பிறகு எந்தக் காலத்திலும் அதைச் சுரண்டிக் குறைக்க முடியாது. ‘தண்ணீர் நிற்கிறது, அதனால் சிமென்ட் போட்டோம்’ என்பார்கள். தண்ணீர் இப்போது வீட்டுக்குள் நிற்கும்.

பேவர் பிளாக்கைச் சிலர் நடைபாதைக்கான அலங்காரமாகவே பார்க்கிறார்கள். கார், குப்பை வண்டி, தண்ணீர் லாரி வரும் தெருவுக்கு 80 மி.மீ. கனம், எம்40 தரம் என்று கேட்டால் அது நல்ல ரோடு. 60 மி.மீ. கட்டையைத் தெருவில் பதித்தால் தண்ணீர் லாரியின் முதல் திருப்பத்திலேயே அசையும். அடியில் வெட்மிக்ஸ் (நீர் கலந்து உருட்டி இறுக்கும் ஜல்லி அடுக்கு), அதன் மேல் 30 மி.மீ. மணல் படுகை, மீன்முள் அடுக்கு, தட்டு அதிர்வு மெஷின், இடுக்கில் உலர் மணல். இடுக்கில் சிமென்ட் கரைசல் ஊற்றுவது ‘உறுதிக்கு’ என்பார்கள். அதைச் செய்தால் கட்டைக்கும் கட்டைக்கும் இடையிலான நெகிழ்ச்சி போய்விடும், அடுத்த முறை பெயர்க்கும்போது கட்டையும் உடையும். ஓரத்தில் காங்கிரீட் கட்டு இல்லாமல் முடித்தால் ஆறே மாதத்தில் ஓர வரிசை விலகி, பின்னாலேயே அடுத்த வரிசை விலகும். வடிகால் சுவரில் நீர்வடி ஓட்டை விட்டிருந்தால் அதன் பின்புறம் நீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோ துணி வேண்டும், இல்லாவிட்டால் படுகை மணல் அத்தனையும் வடிகாலுக்குப் போய்விடும்.

பேவரின் உண்மையான லாபம் வேறு. குடிநீர் இணைப்புக்கோ கேபிளுக்கோ தோண்டினால் கடப்பாரையால் கட்டைகளை எடுத்து அடுக்கி, குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்பி, அதே கட்டைகளைத் திரும்பப் பதிக்கலாம். தார், சிமென்ட் இரண்டிலும் ஒட்டுப்போட்ட தழும்பு நிற்கும். பேருந்து போகும் சாலைக்கு மட்டும் பேவர் வேண்டாம்.

ஒரு பக்கம்தான் வடிகால் என்பதால் மூன்றுக்குமே சரிவு ஒரே பக்கமாக அமைய வேண்டும். இரண்டரை சதவீதம் வைத்தால் எதிர்ப்பக்கம் 12.5 செ.மீ. உயரமாகும். எந்தப் பக்க வீடுகளின் படி உயரமோ அந்தப் பக்கம்தான் மேடு. இதை வரையும்போதே பேசாமல் விட்டால் வேலை நடுவில் சண்டை வரும்.

எந்தத் தெருவுக்கு எது

பாதாள சாக்கடை இன்னும் வராத தெருவுக்கு சிமென்ட் ரோடு வேண்டவே வேண்டாம், கவுன்சிலர் நிதி கைவசம் இருந்தாலும். இரண்டு ஆண்டில் பாதாள சாக்கடைக்காகக் குடிநீர் வாரியம் மூன்று மீட்டர் ஆழம் வெட்டும், வீடுதோறும் குறுக்கு இணைப்பு வெட்டும். அங்கே வடிகாலை முடித்துக்கொண்டு பேவர் போடலாம். நிதி குறைவென்றால் வெட்மிக்ஸும் மெல்லிய தாரும் போதும்.

பாதாள சாக்கடை முடிந்து, வடிகாலும் தடையில்லாமல் ஓடும் தெருவுக்குத் தார். சுரண்டிவிட்டுப் போட வேண்டும். அதிகம் செலவழிக்கக் காரணமில்லை.

எல்லாக் குழாயும் முடிந்த பிறகும், போய்ச்சேரும் இடம் தாழ்வாக இல்லாததால் ஒவ்வொரு மழைக்கும் இரண்டு நாள் நீர் நிற்கும் தெருவுக்கு சிமென்ட். ஆனால் பழைய பரப்பை முப்பது செ.மீ.க்குக் குறையாமல் தோண்டி எடுத்து, அடிக் காங்கிரீட் 10 செ.மீ., மேலே 18 செ.மீ. என்று பழைய மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே முடிக்க வேண்டும். சிமென்ட் தண்ணீரை வெளியேற்றாது, ரோட்டை மட்டும் காப்பாற்றும். தண்ணீருக்குத் தெருமுனையில் சேகரக் கிணறும் மோட்டாரும், கால்வாய்ப் பக்கத்திலிருந்து எதிர்த்து வராமல் தடுக்கும் மடக்குக் கதவும் தனியாகக் கேட்க வேண்டும்.

கடலோர மணலில் பேவரும் உறிஞ்சுகுழிகளும்.

வேலை அட்டவணையில் ஒரு விஷயம். பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதியோடு ரோடு வெட்டுக்கு அனுமதி நிற்கும். ஜூலைக்குள் வடிகால் தோண்டல் தொடங்காத தெருவில் அந்த ஆண்டு ரோடு முடியாது. முடித்துக் காட்டுகிறோம் என்று செப்டம்பர் கடைசியில் நிரப்பிய பள்ளத்தின் மேல் தார் போட்டால், அடியில் இறுகாத மண் முதல் மழையில் அமிழ்ந்து வடிகாலை ஒட்டி நீளமாக ஒரு வாய்க்கால் விழும். அதற்குப் பதிலாக, 20 செ.மீ. அடுக்குகளாக நனைத்து இடித்து நிரப்பி, வெட்மிக்ஸை உருட்டி, சரிவை வடிகால் பக்கம் வைத்து அப்படியே மழைக்காலத்தைக் கடத்துங்கள். அமிழ்ந்த இடங்களை ஜனவரியில் நிரப்பிச் சரிசெய்த பிறகு மேற்பரப்பைப் போடலாம்.